கடலோரச் சிற்றூரின் தொடக்க வரலாற்றைத் தொகுப்பது எப்படி? புன்னைக்காயலை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

தூத்துக்குடி மாவட்டத்தில் தாமிரபரணி கடலோடு சேரும் முகத்தில் இருக்கும் மீனவ ஊர் புன்னைக்காயல். அதுபோன்ற ஓர் ஊரின் தொடக்க கால வரலாற்றைத் தொகுக்க முனைபவர் எதை முதலில் செய்ய வேண்டும், எதைப் பிறகு செய்ய வேண்டும் என்பதை அவ்வூரை எடுத்துக்காட்டாக வைத்து இங்கே விளக்குகிறேன். முத்துக்குளித்துறை எனப்படும் இக்கரையில் இப்பணியை நானே செய்தபோதும், பின்னர் இளைஞர்கள் செய்வதை உடனிருந்து பார்த்தபோதும் ஒன்றைக் கண்டேன். உழைப்புக் குறைவால் நேரும் பிழைகளைவிட, வேலையின் வரிசை மாறுவதால் நேரும் பிழைகளே மிகுதி. நூலகத்தில் தொடங்கிக் கரைக்கு வருபவர், ஏட்டில் படித்ததையே கரையிலும் காண்கிறார். கரையை நடந்து அறிந்த பிறகு ஏட்டைப் பிரிப்பவருக்கு, அந்த ஏடு எங்கே தவறுகிறது என்பதும் தெரிகிறது.

1. எந்த ஊர், எந்த ஆண்டு வரை என்று வரையறுத்துக்கொள்ளுங்கள்

இது எளிதாகத் தோன்றும். ஆனால் பலர் முதலில் இடறுவது இங்கேதான். மீனவக் குடியிருப்பு வருவாய்த் துறையின் கணக்கில் தனிக் கிராமமாக இல்லாமல், உள்ளே இருக்கும் வேளாண் கிராமம் ஒன்றின் உட்கிடையாக, அதாவது அதில் அடங்கிய துணைக் குடியிருப்பாக, இருப்பது கடற்கரையில் சாதாரணம். பங்கு எனப்படும் தேவாலய நிர்வாகப் பகுதியின் எல்லை ஒன்றாக இருக்கும், ஊராட்சி எல்லை வேறாக இருக்கும், மக்கள் தம் ஊரென்று கருதும் எல்லை இவ்விரண்டிலும் அடங்காது. இம்மூன்றையும் ஒரே தாளில் வரைந்து, எந்த எல்லைக்குள் எழுதப்போகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள். இதைச் செய்யாவிட்டால், பின்னாளில் கிடைக்கும் மக்கள்தொகை எண் எந்த ஊருக்கு உரியது என்று சொல்ல இயலாமல் போகும்.

ஆண்டு எல்லையும் வேண்டும். சான்றுகளின் தன்மை மாறும் ஆண்டே நல்ல எல்லை. புன்னைக்காயலைப் பொறுத்தவரை 1658 பொருத்தமானது. அவ்வாண்டில் டச்சுக்காரர் தூத்துக்குடியைப் போர்த்துகீசியரிடமிருந்து கைப்பற்றினர்; ஆவணங்களின் மொழியும், அவற்றை எழுதியவர்களின் நோக்கமும் அத்துடன் மாறிவிடுகின்றன. “சங்க காலம் முதல் இன்று வரை” என்று தலைப்பிட்டுத் தொடங்கிய முயற்சி எதுவும் முடிந்து நான் பார்த்ததில்லை.

2. முன்கூட்டியே வேண்டியவை

இந்திய நில அளவைத் துறையின் வரைபடத்தாள் ஒன்று வேண்டும். புன்னைக்காயல் பகுதி 58 எல் வரிசையில் வரும். இடத்தின் ஆயத்தொலைவுகளைக் காட்டும் கைபேசி, படம் எடுக்கும்போது பொருளின் அருகே வைக்க ஓர் அளவுகோல், அஞ்சலட்டை அளவில் வெட்டிய கெட்டித் தாள்கள் ஆகியவையும் வேண்டும். அட்டைகள் ஏன் என்பது பத்தாவது படியில் விளங்கும்.

இவற்றைவிட முக்கியமானது அனுமதி. ஊர்க் கமிட்டியாரையும் பங்குத்தந்தையையும் நேரில் பார்த்து, என்ன செய்யப்போகிறீர்கள், எழுதியதை யாரிடம் கொடுப்பீர்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். கடற்கரை ஊர்களில் நிலவுரிமை, கரையுரிமை ஆகியவற்றைப் பற்றிய கவலை எப்போதும் உண்டு. அளவுநாடாவோடு திரியும் அந்நியரை மக்கள் ஐயத்தோடு பார்ப்பதில் வியப்பில்லை.

3. நீரையும் நிலத்தையும் படியுங்கள்

அதிக நாள் செலவிட வேண்டிய படி இதுதான். இங்கே மிச்சப்படுத்தும் ஒவ்வொரு நாளும் பின்னால் ஒரு மாதத்தை விழுங்கும்.

ஆற்று முகத்துவார ஊர்களில் கரை ஓரிடத்தில் நிற்பதில்லை. தாமிரபரணி கொண்டுவரும் வண்டல் கடலை வெளியே தள்ளிக்கொண்டே வந்ததால், பாண்டியரின் முத்துத் துறையாக இருந்த கொற்கை இன்று கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே, வயல்களுக்கு நடுவே இருக்கிறது. அதன் பிறகு துறையாக விளங்கிய காயல் இன்றைய பழையகாயல். அதன் முன்னும் உப்பளமும் சேறும் பரந்துவிட்டன. அதற்குப் பின் கடல்முகத்தில் முதன்மை பெற்ற ஊர் புன்னைக்காயல். இந்த நகர்வை அறியாமல் 13ஆம் நூற்றாண்டுக் குறிப்பை இன்றைய கரையோரத்தில் பொருத்தினால், அன்று கடலாக இருந்த இடத்தில் கடைத்தெருவை வைத்துவிடுவோம்.

எனவே, வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஊரின் நான்கு திசையிலும் நடந்து பாருங்கள். முதலில் நல்ல தண்ணீர்க் கிணறுகளையும் ஊற்றுகளையும் குறியுங்கள். மணற்கரையில் மழைநீர் உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக நிற்கும் இடத்தில்தான் குடிநீர் கிடைக்கும். குடியிருப்பின் கரு அதைச் சுற்றியே அமைந்திருக்கும். அடுத்து மணல்மேடுகளைக் குறியுங்கள். வெள்ளம் ஏறாத மேடு எது, மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றுக்கு மறைவான பக்கம் எது என்று கேளுங்கள். மூன்றாவதாக, தோணி அணைய ஏற்ற உப்பங்கழியின் வாய் எங்கே இருந்தது, எத்தனை முறை இடம் மாறியது என்று விசாரியுங்கள். நல்ல தண்ணீர், மேடு, தோணி அணையும் இடம் ஆகிய மூன்றும் சேரும் புள்ளியே பழைய ஊர் இருந்திருக்கக்கூடிய இடம். பெரும்பாலும் அது இன்றைய தேவாலய முற்றமாக இருக்காது.

நடக்கும்போது பானை ஓடு, சங்குத் துண்டு, சிப்பிக் குவியல் கண்ணில் படலாம். அளவுகோல் வைத்துப் படமெடுத்து, இடத்தைக் குறித்துவிட்டு, பொருளை அங்கேயே விடுங்கள். இடத்தைவிட்டு எடுத்த ஓடு தன் சாட்சியத்தை இழந்துவிடும் என்பது முதற்காரணம். சட்டம் இரண்டாவது காரணம். தோண்டுவதற்கு உங்களுக்கு உரிமையில்லை; மண்ணில் புதைந்த மதிப்புள்ள பொருள் கிடைத்தால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். கொற்கையில் தமிழ்நாடு தொல்லியல் துறை 1968-69இல் முறைப்படி அகழ்ந்தது. அத்தகைய வேலைக்கு இடம் கெடாமல் இருக்க வேண்டும் என்பதே நம் பொறுப்பு.

4. பெயர்களைத் திரட்டுங்கள்

ஊர்ப்பெயர், தெருப்பெயர், கிணற்றின் பெயர், உப்பங்கழியின் கிளைப்பெயர், கடலுக்குள் இருக்கும் பார்களின் பெயர் என எல்லாவற்றையும் மக்கள் உச்சரிக்கும்படியே எழுதுங்கள். பார் என்பது கடலடிப் பாறைத்திட்டு. முத்துச்சிப்பி விளைந்த தோலாயிரம் பார் போன்ற பெயர்கள் கரையிலுள்ள தெருப்பெயர்களைவிடப் பழமையானவையாக இருக்கக்கூடும், ஏனெனில் அவற்றை மாற்றிப் பெயரிட எந்த ஆட்சிக்கும் தேவை எழவில்லை.

இதோடு, அயலார் எழுத்தில் அப்பெயர்கள் எடுத்த வடிவங்களையும் தனிப் பட்டியலாக்குங்கள். போர்த்துகீசியர் புன்னைக்காயலைப் ‘புனிக்காலே’ என்றும் மணப்பாட்டை ‘மணப்பார்’ என்றும் எழுதினர். இந்தப் பட்டியல் கையில் இல்லாமல் ஆவணக் காப்பகத்துக்குச் செல்பவர், தம் ஊரின் பெயரையே அடையாளம் காணாமல் பக்கத்தைப் புரட்டிவிடுவார்.

இந்தப் படியில் அடிக்கடி நேரும் பிழை ‘காயல்’ என்ற சொல்லால் வருவது. பழையகாயல், புன்னைக்காயல், காயல்பட்டினம் மூன்றும் அருகருகே இருப்பதால், 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ குறிப்பிட்ட ‘காயில்’ என்ற துறையைத் தம் ஊரென்று ஒவ்வோர் ஊராரும் உரிமை கொண்டாடுவர். 1870களில் கொற்கையிலும் பழையகாயலிலும் ஆய்வு செய்த கால்டுவெல், அதைப் பழையகாயலோடு இணைத்தார். உங்கள் ஊருக்கு அந்தப் பெருமை வேண்டுமென்றால் மூன்றாவது படியின் நிலச் சான்றும் அதற்குத் துணை நிற்க வேண்டும்.

5. முதியோரிடம் கேளுங்கள்

ஏட்டைப் பார்ப்பதற்கு முன்பே இதைச் செய்யச் சொல்வதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஏடு காத்திருக்கும், முதியவர் காத்திருக்கமாட்டார் என்பது ஒன்று. ஏட்டைப் படித்தபின் செல்பவர், தம்மை அறியாமலே விடையைக் கேள்விக்குள் வைத்துக் கேட்டுவிடுவார் என்பது மற்றொன்று.

“ஊர் எப்போது தோன்றியது?” என்று கேட்காதீர்கள், அதற்குக் கிடைப்பது யாரோ அச்சிட்ட விழா மலரின் வாசகமாகவே இருக்கும். “உங்கள் பாட்டி எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுத்தார்?”, “கழியின் வாய் அப்போது எந்தப் பக்கம்?”, “எந்த ஊரிலிருந்து பெண் எடுத்தீர்கள்?” என்று கேளுங்கள். மண உறவுகளின் திசை, குடியேற்றத்தின் திசையைக் காட்டிக்கொடுக்கும்.

ஓர் ஊரில் எண்பது வயதைக் கடந்த பெரியவர் ஒருவரைத் தோணியில் அழைத்துச் சென்றேன். கடலில் ஓரிடம் வந்ததும் துடுப்பைத் தூக்கச் சொன்னார். கரையிலிருந்த கோபுரத்தையும் அதற்குப் பின்னே தெரிந்த ஒற்றைப் பனையையும் ஒரே கோட்டில் நிறுத்தி, பிறகு தெற்கே திரும்பி, “இந்தப் பக்கம் பழைய கோயில் முகட்டை நேராக்க வேண்டும் தம்பி, இப்போது முகடு இல்லை, அந்த மணல்மேட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள்” என்றார். மீன்பிடி இடத்தைக் குறிக்கும் இரண்டு நேர்கோடுகளில் ஒன்று, நிலத்தில் இல்லாமற்போன கட்டடத்தின் மீது நின்றது. கரையில் யாரும் சொல்லாத அந்தக் கட்டடத்தின் இடம் எனக்குக் கடலிலிருந்துதான் கிடைத்தது. அன்று முதல், மீனவரிடம் கடலடையாளங்களைக் கேட்காமல் எந்தத் தொகுப்பையும் நான் முடிப்பதில்லை.

காலத்தை நிகழ்ச்சிகளோடு பொருத்திக் கேளுங்கள். 1964 டிசம்பர்ப் புயல், 1992 நவம்பரில் தாமிரபரணியில் வந்த பெருவெள்ளம், 1955 முதல் 1961 வரை நடந்த கடைசி முத்துக்குளிப்புகள் ஆகியவை நல்ல முளைக்குச்சிகள். “முத்துக்குளிப்புக்கு முன்பா, பின்பா?” என்ற கேள்விக்கு வரும் விடை, “எத்தனை ஆண்டுக்கு முன்?” என்பதற்கு வரும் விடையைவிட உறுதியானது.

தோற்றக் கதைகளையும் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். யார், எப்போது, யாரிடம் கேட்டுச் சொன்னார் என்பதைப் பக்கத்தில் குறியுங்கள். இரு குடும்பங்கள் இரண்டு கதை சொன்னால் இரண்டையும் வையுங்கள்; எது சரியென்று அங்கேயே தீர்ப்புச் சொல்லி ஒரு வீட்டின் கதவை மூடிக்கொள்ள வேண்டாம்.

6. ஊருக்குள் இருக்கும் ஏடுகளையும் கல்லறைகளையும் பாருங்கள்

ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்று பதிவேடுகளே இக்கரையில் சாதாரண மக்களின் பெயரைச் சுமந்து வரும் பழைய ஏடுகள். நிலம் இல்லாதவர் நிலவரிக் கணக்கில் இடம்பெறுவதில்லை. ஆனால் ஞானஸ்நானம் பெற்ற குழந்தைகளின் பெயர்கள் இங்கே இருக்கும். தாள் உதிரும் நிலையில் இருந்தால் ஒளிநகல் எடுக்காமல், பகல் வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழும்படி வைத்துப் படமெடுங்கள். பேனா அழுந்திய தடம், சாய்வான ஒளியில் சற்றுத் தெளிவாகத் தெரியும்.

ஒரே ஊரில் இரண்டு வரிசைப் பதிவேடுகள் இருக்கக்கூடும். 1773இல் இயேசு சபை கலைக்கப்பட்ட பின் கோவாவின் குருக்கள் பொறுப்பேற்றதும், 1838 முதல் இயேசு சபையின் புதிய மதுரை மிஷன் குருக்கள் வந்ததும், இரு தரப்புக்கும் இடையே அதிகாரப் போட்டி எழுந்ததும் அதற்குக் காரணம். ஒரு வரிசையை மட்டும் பார்த்துவிட்டு, “இந்தப் பத்தாண்டில் குழந்தைகள் குறைந்துவிட்டன, கொள்ளைநோய் வந்திருக்க வேண்டும்” என்று எழுதியவரை அறிவேன். குழந்தைகள் அடுத்த ஏட்டில் இருந்தனர்.

குடும்பப் பெயர்களிலும் கவனம் வேண்டும். பர்னாந்து, மோத்தா, மச்சாது, மிராந்தா போன்றவற்றைக் கண்டு அக்குடும்பங்கள் போர்த்துகீசிய வழிவந்தவை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். 1535-37இல் இக்கரை மீனவரான பரதவர் கூட்டமாகத் திருமுழுக்குப் பெற்றபோது தொடங்கிய பெயர் வழக்கம் அது. பெயர் மதமாற்றத்துக்குச் சான்று, குருதி உறவுக்குச் சான்றாகாது.

7. அரசு ஆவணங்களைப் பின்னோக்கிப் படியுங்கள்

இன்றைய ‘அ’ பதிவேடு எனப்படும் கிராம நிலக் கணக்கிலும் புலப்படத்திலும் தொடங்கி, நிலவரித் திட்டப் பதிவேடுகள் வழியாகப் பின்னோக்கிச் செல்லுங்கள். நடுவிலிருந்து தொடங்கினால் புல எண்கள் மாறிய இடத்தில் வழி தவறும். குடியிருப்பு ‘நத்தம்’ என்று ஒரே எண்ணில் அடங்கியிருக்கும்; அதைச் சுற்றியுள்ள புறம்போக்கு, உப்பளம், ஓடை ஆகியவற்றின் பெயர்களே உங்களுக்கு வேண்டியவை.

மாவட்டப் பெயரிலும் பலர் ஏமாறுவர். தூத்துக்குடி மாவட்டம் 1986 அக்டோபரில்தான் உருவானது. அதற்கு முந்தைய எல்லாவற்றையும் திருநெல்வேலியின் கீழ் தேட வேண்டும்.

8. வெளியார் எழுதிய கடிதங்களுக்கு இப்போது வாருங்கள்

நிலமும் பெயரும் உள்ளூர் நினைவும் கையில் இருக்கும் இந்நிலையில்தான் 16ஆம் நூற்றாண்டுக் கடிதங்களைப் படிக்க நீங்கள் ஆயத்தமாகிறீர்கள். பிரான்சிஸ் சவேரியார் 1542இல் இக்கரைக்கு வந்தார். 1544இல் தம் உதவியாளர் மான்சிலாசுக்கு இக்கரை ஊர்களிலிருந்து அவர் எழுதிய கடிதங்கள் பல கிடைக்கின்றன. புன்னைக்காயலில் நெடுங்காலம் பணியாற்றிய இயேசு சபைக் குரு என்ரிக்கே என்ரிக்கசின் கடிதங்களும் உண்டு. இவர் 1600இல் மறைந்தார். டச்சுக் காலத்துக்கு ஹேக் நகரின் தேசிய ஆவணக் காப்பகத்தையும் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தையும் அணுகலாம்.

இக்கடிதங்களில் சொற்களே பொறி. ‘பதகர்’ என்று வருவதை நீலகிரிப் படகர் என்று மொழிபெயர்த்ததை நான் கண்டிருக்கிறேன். அச்சொல் வடுகரை, அதாவது விசயநகரச் சார்பில் வடக்கிலிருந்து வந்த தெலுங்குப் படையினரைக் குறிக்கிறது. ‘மலபார் மொழி’ என்றால் மலையாளம் என்று பொருள் கொள்வதும் பிழை. போர்த்துகீசியர் தமிழையே அவ்வாறு அழைத்தனர். ‘கனக்கபோலே’ என்பது கணக்கப்பிள்ளை. ‘பட்டங்கத்திம்’ என்பது ஊர்த்தலைவரான பட்டங்கட்டி. இவற்றை நான்காம் படியின் பெயர்ப்பட்டியலோடு சேர்த்து வைத்துக்கொண்டால், ஊரின் ஆட்சியமைப்பு கடிதங்களுக்குள்ளிருந்து தானே எழுந்து வரும்.

இரண்டாவது பொறி எண்கள். முத்துக்குளிப்பு ஆண்டுதோறும் நடந்ததன்று. சிப்பி முதிர்ந்த ஆண்டுகளில் மட்டும், சில வாரங்களுக்கு நடந்தது. அப்போது குளியாளர், வணிகர், சம்மாட்டிகள் எனப்படும் தோணி உரிமையாளர், காவலர் எனப் பெருங்கூட்டம் ஓலைக் குடிசைகளில் வந்து தங்கும். அக்கூட்டத்தைக் கண்டு எழுதிய எண்ணை ஊரின் மக்கள்தொகையாகக் கொண்டால், சிற்றூர் பெருநகராகிவிடும். கடிதம் எந்த மாதத்தில் எழுதப்பட்டது என்பதைப் பார்க்காமல் எண்ணை எடுக்காதீர்கள்.

மூன்றாவது, எழுதியவரின் தேவை. குரு தம் சபைக்கு எழுதும்போது திருமுழுக்குப் பெற்றோரைக் கணக்கிடுகிறார். கும்பெனி அதிகாரி எழுதும்போது தோணிகளையும் சங்கையும் கணக்கிடுகிறார். பெண்கள், உப்பளத் தொழிலாளர், வேறு சமயத்தார் ஆகியோர் இருவர் கணக்கிலும் அரிதாகவே வருவர். ஐந்தாம் படியில் நீங்கள் பாட்டிமாரிடம் கேட்ட செய்திகள் இங்கேதான் பயன்படும்.

அச்சு நூல்களைப் பற்றியும் ஒரு சொல். என்ரிக்கசு ஆக்கி, தமிழில் அச்சான தம்பிரான் வணக்கம் என்ற நூல் புன்னைக்காயலில் வெளிவந்ததாக ஆர்வமிகுதியால் எழுதுவோர் உண்டு. என்ரிக்கசு அங்கே வாழ்ந்தவர் என்பது உண்மை. அந்நூல் அச்சானது 1578இல் கொல்லத்தில். ஆசிரியர் இருந்த ஊரும் அச்சான ஊரும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

9. ஆண்டுக் கணக்கைச் சரிபாருங்கள்

திருநெல்வேலிச் சீமையின் ஓலைகளிலும் கல்வெட்டுகளிலும் கொல்லம் ஆண்டு வரும். இப்பகுதியில் அது ஆவணியில் பிறக்கிறது. ஆவணி முதல் டிசம்பர் இறுதி வரையிலான தேதிக்கு 824ஐயும், சனவரி முதல் ஆடி இறுதி வரையிலான தேதிக்கு 825ஐயும் கூட்டினால் பொது ஆண்டு கிடைக்கும். கொல்லம் 925 மாசி என்றால் 1750. எல்லாவற்றுக்கும் 825ஐயே கூட்டுவதால் ஓராண்டு பிழை நேர்ந்து, ஒரே நிகழ்ச்சி இரண்டு நிகழ்ச்சிகளாகிவிடுகிறது.

அறுபதாண்டுச் சுழற்சிப் பெயர் மட்டும் இருந்தால், அரசர் பெயரோ வேறு துணைச் சான்றோ இல்லாமல் ஆண்டைத் தீர்மானிக்காதீர்கள்.

10. அட்டைகளை அடுக்கி ஒப்பிடுங்கள்

ஒரு செய்திக்கு ஓர் அட்டை. மேலே ஆண்டு, நடுவே செய்தி, கீழே எங்கிருந்து கிடைத்தது என்பது. பேச்சில் கிடைத்தது, ஏட்டில் கிடைத்தது, நிலத்தில் கண்டது என மூன்று வண்ண மையில் எழுதுங்கள். எல்லாவற்றையும் தரையில் கால வரிசையாகப் பரப்பினால், கணினித் திரையில் தெரியாத ஒன்று தெரியும்: எந்தக் காலத்துக்கு ஒரே வண்ண அட்டைகள் மட்டும் இருக்கின்றன என்பது. அங்கே முடிவுகளைத் தளர்வாக எழுத வேண்டும்.

வெற்றிடங்களை அப்படியே விடுங்கள். கொற்கையின் முத்தைப் பாடிய சங்கப் பாடலுக்கும், சவேரியாரின் கடிதத்துக்கும் இடையே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி இருக்கிறது. “அன்று முதல் இம்மக்கள் இங்கேயே வாழ்ந்து வருகின்றனர்” என்ற ஒரே வாக்கியத்தால் அதை நிரப்பும் ஆசை எல்லோருக்கும் வரும். கரையே இடம் மாறியிருக்கும்போது, மக்கள் மட்டும் ஒரே இடத்தில் நின்றதாக எழுத எந்தச் சான்றும் துணை வராது.

11. எழுதி, ஊரில் வாசித்துக் காட்டுங்கள்

நிலத்தின் கதையில் தொடங்குங்கள்; அதன் மேல் மக்களை வையுங்கள்; ஆட்சியாளரைக் கடைசியில் கொண்டுவாருங்கள். அரசர், தளபதி என்று தொடங்கினால் ஊர் அவர்களுடைய போரின் ஓரக்குறிப்பாகச் சுருங்கிவிடும். ஒவ்வொரு பத்தியிலும் செய்தி எதிலிருந்து வந்தது என்பதை வாக்கியத்துக்குள்ளேயே சொல்லிவிடுங்கள்.

வரைவு முடிந்ததும், தோணி ஏறாத நாளாகப் பார்த்து ஊரில் வாசியுங்கள். நீங்கள் வாசிக்கும்போது முகம் சுளிப்பவரைக் குறித்துக்கொண்டு, மறுநாள் தனியே போய்ப் பாருங்கள். கூட்டத்தில் சொல்லாத திருத்தம் வீட்டுத் திண்ணையில் வரும். இறுதி வடிவத்தை மூன்று பிரதிகளாக எடுத்து ஒன்றைப் பங்கு அலுவலகத்திலும், ஒன்றை ஊர் நூலகத்திலும், ஒன்றை ஊருக்கு வெளியே உள்ள கல்லூரி நூலகத்திலும் வையுங்கள். கடலோரத்தில் ஒரே இடத்தில் வைத்த தாள்களுக்கு உப்புக்காற்றும் வெள்ளமும் நெடுங்காலம் இடம் கொடுப்பதில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் வலப்புறம் நான்கு விரற்கடை வெற்றிடம் விட்டு அச்சிடுங்கள். அடுத்துத் திருத்துபவர் தம் குறிப்பை அங்கே எழுத வேண்டியிருக்கும்.